கறிவேப்பிலைச் சாடிக்குள் கிடந்தது

அந்த வீட்டில் மேலுக்கும் கீழுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அதன் கொண்டி மேல் பக்கத்தில், வீட்டுக்காரரின் குசினிக்குள். நான் கீழே நிலத்தடி பேஸ்மென்ற்றில் குடியிருந்த காலத்தில் பெரும்பகுதி அந்தக் கொண்டியை யாரும் போட்டதில்லை. வீட்டுக்காரரின் மூன்று வயது மகள் நினைத்த நேரம் கதவைத் தள்ளித் திறந்து, படிகளில் குந்திக் குந்தி வழுக்கி இறங்கி, "கீழன்ரி, கீழன்ரி" என்று கூப்பிட்டபடி என் கட்டிலில் வந்து ஏறுவாள். கீழே இருக்கிற அன்ரி என்பதைச் சுருக்கி அவளே எனக்கு வைத்த பெயர் அது. ரொறன்ரோவில் என்னுடையது என்று சொல்ல எனக்கு அந்தக் காலத்தில் வேறொன்றும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகர நடுவிலிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிவீட்டில் மற்றப் பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஸ்காபரோவில் இந்த பேஸ்மென்ற்றுக்கு வந்திருந்தேன். விடியப்புறம் டோனற் கடையில் வேலை. மத்தியானம் திரும்பி வந்ததும் மேல்வீட்டு அக்கா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவாள். அவளுடைய புருஷன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், வேலையால் வரும்வரை பிள்ளை என்னோடு. சாப்பாடு தீத்துவது, தலைவாரி இழுப்பது, பின்னேரம் படுக்கவைப்பது எல்லாம் நான்தான்.

அக்காவும் அண்ணையும் யாழ்ப்பாணம், நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள் மந்திரம் செய்து மனிதரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற கதையை யாழ்ப்பாணத்தார் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். அக்கா முதல்நாளே சிரித்துக்கொண்டு கேட்டாள், "பிள்ளை, பாய் ஒண்டும் கொண்டு வரேல்லைத்தானே?" என்று. நானும் சிரித்தேன். பகிடி என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

சந்தேகப்பட எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் பின்னால் வரும் சைக்கிளின் சத்தத்தை வைத்தே வருகிறவனை எடைபோட்டுப் பழகியவள் நான். இங்கே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் காரணமில்லாமல் சிரித்தால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன். அக்கா இந்த விஷயத்தில் என்னையும் விழுங்கி ஏப்பம் விடக்கூடியவள். பாலின் திகதியை மூன்று கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்கிறவள். நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டதே இந்தக் குணத்தால்தான். சந்தேகப்பட எங்களுக்கு வாய்த்தவர் பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர்.

என் ஜன்னல் நிலமட்டத்தில் இருந்தது. அதனூடாகப் பார்த்தால் நிற்கிற ஆட்களின் முகம் தெரியாது, காலும் மண்ணும்தான் தெரியும். கிழவரின் வேலியோரம் ஹேசல்நட் என்ற கொட்டை மரங்கள் கொஞ்சம் வரிசையாக நின்றன. மரம் என்று சொல்வது மரியாதைக்கு, பெரிய பற்றைகள் என்பதே சரி. அந்தப் பற்றைகளைச் சுற்றி வட்டமாகப் புல் கருகிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் பச்சை, அங்கே மட்டும் நெருப்பு வைத்ததுபோல. எனக்கு வேலையில்லாத நாட்களில் பார்த்தால், கிழவர் விடியற்காலையில் வந்து அந்தக் கருகிய வட்டத்துக்குள் முழங்காலில் நிற்பார். குனிந்து மண்ணை மணந்து பார்ப்பார். சில நாட்களில் ஒரு வாளியிலிருந்து வெள்ளைத் தூளை அள்ளித் தூவுவார். தூவும்போது நாலு பக்கமும் பார்த்துக்கொள்வார்.

"பாரும் பிள்ளை, உவன்ரை மனிசியை நாங்கள் வந்த நாள் துடக்கம் காணேல்லை" என்றாள் அக்கா ஒருநாள், என் ஜன்னலடியில் தேத்தண்ணியோடு நின்று.

"செத்திருப்பாக்கா."

"செத்தால் சுடலையிலை தானே புதைக்கவேணும். உவன் ஏன் உதிலை மணந்து பாக்கிறான்?"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதேநேரம் சந்தோஷமாகவும் இருந்தது. இன்னொரு ஆளோடு சேர்ந்து மூன்றாவது ஆளைச் சந்தேகப்படுவதில் உள்ள சுகம் வேறு எதிலும் இல்லை. வெள்ளைத் தூள் போதைமருந்து என்று அண்ணை சொன்னார். மந்திரித்த சாம்பல் என்று அக்கா சொன்னாள். "உமக்குத் தெரிஞ்சிருக்குமே, உங்கடை பக்கத்திலை உதுக்கு என்ன சொல்லுறவை?" என்று என்னிடம் கேட்டாள். நானும் பெரிய விஷயகாரிபோலத் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கத் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருடம் காலநிலையும் சந்தேகத்துக்குரியதாகவே இருந்தது. அதற்கு முந்திய பனிக்காலம் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்தது. நிலம் ஆழமாக உறையவேயில்லை. கோடையில் மழையே இல்லாமல் தெருவெல்லாம் புல் வைக்கோலாகியது. கிழவர் தன் தக்காளிகளைச் சாகவிட்டுவிட்டு, காய் தராத அந்தப் பற்றைகளுக்கு இரவு பகலாகத் தண்ணீர் விட்டார். தக்காளியைச் சாகவிடுகிற இத்தாலிக்காரனை நம்பலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இலையுதிர்காலம் வந்தும் குளிரவில்லை. டோனற் கடைக்கு வருகிறவர்கள் ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கும் அரைக்கைச் சேட்டோடு வந்து, எவ்வளவு நல்ல வெயில் என்றார்கள். எனக்கென்னவோ அது நல்லதாகப் படவில்லை. காரணமில்லாமல் சிரிக்கிற ஆளைப்போலத்தான் அந்த வெயிலும் இருந்தது.

அந்த வெயிலை நம்பி அக்கா ஒரு பிழை விட்டாள். அவளிடம் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. யாரோ அமெரிக்காவிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த கன்று. அவள் அதைப் பிள்ளைக்கு அடுத்தபடியாக வளர்த்தாள். வழக்கமாகப் புரட்டாதி முடிய முன்னமே சாடியோடு தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவாள். அந்த வருடம் வெளியிலேயே விட்டிருந்தாள். ஓர் இரவு திடீரென்று குளிர் இறங்கியது. இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது.

அதே நாட்களில் கிழவர் எங்களோடு சண்டைக்கு வந்தார். வேலிக்கு மேலால் கையை நீட்டி அண்ணையிடம் கத்தினார். அவருடைய நிலத்தை யாரோ இரவில் தோண்டுகிறார்களாம். உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் எந்நேரமும் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியும் என்றார். அந்தப் பெண் நான். அவருடைய ஆங்கிலமும் அண்ணையின் ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு முழு வசனம் வராது. ஆனாலும் கோபம் நன்றாக விளங்கியது. அடுத்த நாள் வேலியோரம் கம்பிவலை அடித்தார்.

"பிள்ளை இரவிலை வெளியிலை ஒண்டும் போறேல்லையே?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"நான் என்னத்துக்கு அக்கா போறன்?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அவள் சும்மா கேட்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை பின்னேரம், மேலே புகை எச்சரிக்கை மணி வீடு அதிரக் கத்தியது. பிள்ளை வீரிட்டு அழுதாள். நான் நெருப்பு என்று நினைத்துப் படிகளில் பாய்ந்தேறிக் கதவைத் தள்ளினேன். கதவு அசையவில்லை. மறுபடி தோளால் இடித்தேன். அப்போதுதான் கொண்டி போட்டிருப்பது விளங்கியது. கதவிடுக்கால் செத்தல் மிளகாயும் உப்பும் கருகுகிற நெடி வந்து என் தொண்டையைப் பிடித்தது.

"அக்கா! புள்ளயத் தூக்குங்க! கதவத் திறங்க!"

உள்ளே அக்கா இருமினாள். "ஒண்டுமில்லை" என்றாள். "நீங்கள் கீழை போங்கோ."

அதுவரை 'நீர்' என்று உரிமையாகப் பேசியவள். என்னை 'நீங்கள்' என்று அவள் சொன்னது அதுதான் முதல்தடவை. கதவின் மறுபக்கத்தில் பிள்ளை "கீழன்ரி" என்று அழுவது கேட்டது. பிறகு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். செத்தல் மிளகாய் எரிப்பது எதற்கென்று எனக்குத் தெரியும். நாவூறு கண்ணூறு கழிப்பதற்கு, இல்லாவிட்டால் அதைவிடப் பெரியதைக் கழிப்பதற்கு. எதைக் கழிக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் மேல்படியில், கதவுக்கு முன்னால், குங்குமம் தடவிய ஒரு தேசிக்காய் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கழிப்பது என்னைத்தான். கொஞ்சநேரம் படியிலேயே இருந்து அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. தேசிக்காயை எடுத்துக்கொண்டுபோய் நன்றாகக் கழுவி, வெட்டிப் பிழிந்து, சம்பலுக்கு விட்டுச் சாப்பிட்டேன். நல்ல சாறுள்ள காய். மந்திரக் கட்டுக்கு வைத்த தேசிக்காய் காணாமல் போனதை அக்கா பார்த்தபோது அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து அன்று முழுக்க ஒரு கெட்ட திருப்தியோடு இருந்தேன்.

அன்று பின்னேரம் அண்ணை பக்கவாசலால் கீழே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, ஊரிலையிருந்து எங்கடை ஆக்கள் வருகினம். வாற மாச முடிவோடை நீங்கள் வேறை இடம் ஒண்டு பாக்கவேணும்."

"பிள்ளைய ஆர் பாக்கிற அண்ணே?"

"அவள் அங்காலை ஒரு அன்ரியட்டை விடப்போறாளாம்."

நான் விடவில்லை. தேசிக்காய் எதற்கென்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கறிவேப்பிலை ஏன் சாகிறது என்று அக்கா சாடி மண்ணைக் கிளறிப் பார்த்தாளாம். உள்ளே கறுப்பாக, மேலெல்லாம் பரு பருவாக, ஒரு உருண்டை இருந்ததாம். சகிக்கமுடியாத மணமாம். அவர் முதலில் காஸ் லீக் ஆகிறது என்று நினைத்து அடுப்பை நிற்பாட்டினாராம். அக்கா அலறி, அதைக் கையால் தொடாமல் பால்மா ரின்னுக்குள் விழுத்தி, உப்பும் செத்தலும் போட்டு மூடி, கழிப்புச் செய்கிற ஒருவர் வரும்வரை கராஜில் வைத்திருக்கிறாளாம்.

"நான் உதுகளை நம்புறேல்லை" என்றார் அண்ணை. "ஆனால் ஆரோ மண்ணுக்கை தாட்டுத்தானே வச்சிருக்கினம். அது தன்பாட்டிலை போகாதே."

அவர் போனபிறகு என் மூளை தன் வழக்கமான வேலையைத் தொடங்கியது. அக்காவே வைத்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு இந்த பேஸ்மென்ற்றில் ஒரு கண் இருந்தது. பிறகு, இல்லை, கறிவேப்பிலைச் சாடியில் அக்கா விளையாட மாட்டாள் என்று பட்டது. அப்படியென்றால் கிழவர்தான். தோண்டுவது, மணப்பது, தூள் தூவுவது எல்லாம் அவர். எங்களைப் பிடிக்காததும் அவருக்குத்தான். பிள்ளையின் குரல் மேலே கேட்கும்போதெல்லாம் கிழவர் மேல் இருந்த ஆத்திரம் இன்னும் ஏறியது. என் தலைக்கு மேலே அவள் ஓடுவாள். கதவடிக்கு வந்து நிற்பாள். கொண்டி அவளுக்கு எட்டாது.

மத்தியானங்களில் எனக்கு இப்போது வேலையில்லை. ஜன்னலடியில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை கிழவரின் கருகிய வட்டத்துக்குள் ஒரு கறுத்த அணில் இறங்கியது. கிழவர் அடித்த கம்பிவலையை அது ஏணியாகப் பாவித்தது. அவசரமில்லாமல் ஒரு இடத்தைத் தேர்ந்து, முன்காலால் விறாண்டி, மூக்கை விட்டு எதையோ கடித்து இழுத்தது. வாய்கொள்ளாத ஒரு கறுப்பு உருண்டை. அதைக் கவ்விக்கொண்டு வேலி ஏறிக் குதித்து, என் முகத்துக்கு நேரே, கறிவேப்பிலையை வேறு சாடிக்கு மாற்றிவிட்டு அக்கா என் ஜன்னலுக்கு வெளியே கழித்துப் போட்டிருந்த பழைய சாடிக்குள் ஏறியது. மண்ணைத் தோண்டி உருண்டையை வைத்து, இரண்டு கையாலும் மேலே மண்ணைத் தட்டித் தட்டிச் சரிபார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அதுவும் என்னை நம்பவில்லை.

நான் வெளியே ஓடிப்போய்ச் சாடியைக் கிளறினேன். கையில் எடுத்தபோது பாரமாக இருந்தது. பழைய பெருங்காய டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு மணம், அதற்குப் பின்னால் ஈரமண்ணும் உள்ளிப்பூண்டும். கராஜைக் கடந்து போகும்போதெல்லாம் வந்த அதே மணம். நேரே கிழவரின் வாசலுக்குப் போய் மணியை அடித்தேன். கதவு திறந்ததும் உருண்டையை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, இது உன்னுடையதுதானே, எங்கள் வீட்டில் ஏன் வந்து கிடக்கிறது என்று கத்தினேன்.

கிழவர் குனிந்து என் உள்ளங்கையில் மூக்கை வைத்தார். அப்படியே நின்றார். நிமிர்ந்தபோது அவருடைய கண் நிரம்பியிருந்தது. எனக்கு ஆத்திரம் போய்ப் பயம் வந்தது. அடுத்த நிமிடமே அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை எடுத்தாய்?" என்று கேட்டார்.

என்னைப்போலவே சந்தேகப்படுகிற இந்த மனிதரோடு எனக்குப் பேசவரும் என்று அந்தக் கேள்வியில்தான் நம்பிக்கை வந்தது. இழுத்துக்கொண்டுபோய் அணிலின் துவாரத்தையும் சாடியையும் காட்டினேன். அவர் மரத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், தான் அடித்த கம்பிவலையைப் பார்த்தார். பிறகு புல்லில் குந்திச் சிரித்தார்.

அதன் பெயர் தர்த்தூஃபோ என்றார், அரைகுறை இங்கிலீசாலும் கையாலும். இங்கிலீசில் ட்ரஃபிள். மண்ணுக்கடியில், மரவேரோடு ஒட்டி வளர்கிற, தங்க விலைக்குப் போகிற ஒருவகைக் காளான். அது நன்றாகப் பிடித்தால் மேலே புல் கருகுமாம், அதுதான் அந்த வட்டம். வெள்ளைத் தூள் வெறும் சுண்ணாம்பு, மண்ணின் புளிப்பை முறிக்கப் போடுவது. முன்னொருகாலம் தன் ஊரிலிருந்து வரும்போது ஒரு பழுத்த உருண்டையைக் காலில் போட்ட சப்பாத்துக்குள் ஒளித்து விமானநிலையம் தாண்டிக் கொண்டுவந்து, கரைத்து, அந்த ஹேசல்நட் கன்றுகளின் வேரில் பூசி நட்டாராம். மனைவியும் கூட நின்று நட்டவளாம். ஒன்றும் விளையவில்லை. இந்த ஊர்ப் பனி நிலத்துக்குள் ஆழமாக இறங்கி எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று ஆட்கள் சொன்னார்களாம். மனைவி செத்தாள், மோப்பம் பிடிக்க வைத்திருந்த நாயும் செத்தது. அதற்குப்பிறகு தானே முழங்காலில் நின்று மணந்துகொண்டிருந்தாராம். சப்பாத்துக்குள் கொண்டுவந்ததை அரசாங்கம் இன்னும் தேடுகிறது என்ற பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இந்த வருடம் ஏன் விளைந்தது என்று கேட்டேன். போன பனி நிலத்தைத் தொடாமல் விட்டது, அதனால்தான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் முழுதாக இருக்கவில்லை. ஊரில் தம்பி தொலைபேசியில் அழுகிறானாம். அங்கே கோடைமழை பொய்த்து, தலைமுறையாகத் தோண்டின இடங்களில் ஒன்றும் இல்லையாம். இங்கே வரக்கூடாதது வருகிறது, அங்கே வரவேண்டியது வரவில்லை என்றார். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் நான் இதை நம்பவில்லை என்றார்.

கிழவரை எங்கள் வளவுக்குக் கூட்டிவந்தேன். அண்ணை கராஜிலிருந்து பால்மா ரின்னைக் கொண்டுவந்து திறந்தார். உப்புக்கும் செத்தல் மிளகாய்க்கும் நடுவில் கிடந்த அந்த முதல் உருண்டையைப் பார்த்துக் கிழவர் தலையில் கைவைத்தார். எடுத்துப் பல்துலக்கும் தூரிகையால் மெல்ல மெல்லத் தட்டித் துப்புரவாக்கினார். அக்கா பின்வாசல் படியில் பிள்ளையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அணிலின் கதையை நான் சொன்னேன். அண்ணை "சேச்சே, சேச்சே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கிழவர் முட்டை பொரித்து அதன்மேல் சீவித் தருகிறேன் என்றார். கந்தசட்டி விரதம், முட்டை கூடாது என்றாள் அக்கா. நான் கீழே ஓடிப்போய்ச் சுடுசோறும் பட்டரும் கொண்டுவந்தேன். சோற்றில் அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை, இருந்தாலும் ஒரு சின்னச் சீவுளியால் கடதாசிபோல மெல்லிசாகச் சீவி விழுத்தினார். உள்ளே மண்ணிறம், அதற்குள் வெள்ளை நரம்புகள். சூடு பட்டதும் மணம் மாறியது. அதுவரை நாறியது இப்போது மணந்தது. முதல்வாய் கிழவர் சாப்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு நான். பட்டரும் மண்ணும் உள்ளியும் ஏதோ ஒரு மாமிசமும் சேர்ந்த ருசி. விழுங்கிய பிறகும் மூக்குக்குள் நின்றது. மனதுக்குள் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது எனக்கு.

"பெருங்காயம் கூடின சோறு மாதிரித்தான். பரவாயில்லை" என்றார் அண்ணை.

பிள்ளை அக்காவின் இடுப்பிலிருந்து நழுவி ஓடிவந்து, "கீழன்ரி, ஆ" என்று வாயைத் திறந்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு. நான் சோற்றைக் குழைத்துச் சின்ன உருண்டையாக்கிக் கையைத் தூக்கினேன்.

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"விடுமப்பா, நானும் சாப்பிட்டனான் தானே" என்றார் அண்ணை.

"நீங்கள் சாப்பிட்டு நாளைக்கு எழும்பினாப் பிறகு பாப்பம்." அவள் இறங்கிவந்து பிள்ளையைத் தூக்கினாள். பிறகு என்னைப் பார்த்துச் சாந்தமாகக் கேட்டாள், "அணில் எண்டு சொல்லுறியள். சரி. இந்தத் தெருவிலை இத்தினை வீடு, இத்தினை சாடி இருக்கேக்கை, அது ஏன் எங்கடை கறிவேப்பிலைச் சாடியைப் பாத்து வந்தது?"

என் கையில் சோற்றுருண்டை ஆறிக்கொண்டிருந்தது. அதை நானே சாப்பிட்டேன்.

அண்ணை அன்றிரவே கீழே வந்து, "நீங்கள் நில்லுங்கோ தங்கச்சி, அவள் அப்பிடித்தான், போகப்போகச் சரியாகீடுவாள்" என்றார். நான் நிற்கவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணிலேயே வேறொரு மாடியில் ஒரு அறை கிடைத்தது.

கிழவரின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த இலையுதிர்காலத்தில் என்னைக் கூப்பிட்டு முட்டையோடு சாப்பிடத் தந்தார். அதற்கடுத்த வருடமும் தந்தார். பிறகு ஒரு கோடையில் மழையே இல்லை, தண்ணீர் விட்டும் நிலம் சூடாறவில்லை, ஒரு உருண்டையும் இல்லை. பனியிலிருந்து தப்பியதை வெயில் கொண்டுபோய்விட்டது என்றார். அணிலையும் அந்த வருடம் காணவில்லை. அக்கா குடும்பம் அதற்குள் பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிப் போயிருந்தது. கறிவேப்பிலை பிழைத்ததா என்று கிழவருக்குத் தெரியவில்லை.

நான் வெளிக்கிட்ட நாளுக்குத் திரும்புகிறேன். பெட்டிகள் பக்கவாசலில். கடைசியாகக் கூட்டிக்கொண்டு நின்றபோது மேலே கொண்டி இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிள்ளை பழையபடி படிகளில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்து என் காலைக் கட்டிப்பிடித்தாள். நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டில் இல்லாத அறையில் நடந்தேன். "வேர் இஸ் யுவர் பெட், கீழன்ரி?" என்று கேட்டாள். விரலால் அவள் தலையை வாரி இழுத்துவிட்டேன். அவள் மணம் என் கழுத்தில் ஒட்டியது.

அக்கா மேல்படியில் நின்றாள். இறங்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். எத்தனையோ ஞாயிறுகளில் தேத்தண்ணியோடு என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, என் ஜன்னலால், அதே பார்வையால் கிழவரைப் பார்த்தவள். அப்போது நான் அவள் பக்கத்தில் நின்றேன், அந்தப் பார்வை விழுகிற ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையைப் படியேற்றி அவள் கையில் கொடுத்தேன். "வாறன் அக்கா" என்றேன். "ஓம், கவனமாப் போம்" என்றாள், பழையபடி 'நீர்' போட்டு. கதவை நான்தான் இழுத்துச் சாத்தினேன். என் பக்கத்தில் கொண்டி இல்லை. மேலே அவள் போடும் சத்தம் கேட்கட்டும் என்று இருட்டுப் படியில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வெளியே வாடகைக்காரின் ஹோர்ன் அடித்தது, மறுபடியும் அடித்தது. கொண்டி விழவில்லை.

அவள் ஏன் அதைப் போடவில்லை என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.